78,000 ரூபாயின் இயற்பியல்

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் வரை தருகிறது என்பது இன்று பலருக்கும் தெரியும். வாட்ஸ்அப் விளம்பரம் முதல் வங்கி வாசல் பதாகை வரை அந்தத் தொகைதான் பெரிய எழுத்தில் கண்ணில் படுகிறது. அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் விதிகளை யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. மூன்று கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏன் ஏறுவதில்லை? பேட்டரிக்கு ஏன் மானியமே இல்லை? பேனலுக்குள் இருக்கும் செல் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதில் அரசுக்கு ஏன் அத்தனை அக்கறை? இந்தக் கேள்விகளுக்குப் பாதி விடை இயற்பியலில் இருக்கிறது; மீதி விடை மின்வாரியத்தின் கட்டண அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பணம் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பது தெளிவாகும்.

முதலில் விதி. 'பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்' 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கூட்டினால் 78,000. பணத்தை முன்கூட்டியே தரமாட்டார்கள். வீட்டுக்காரர் முழுச் செலவையும் செய்து, மீட்டர் மாட்டி, இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். பேனலின் திறன், இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் தொகை கணக்கிடப்படும். நான்கு கிலோவாட் பேனலை அடுக்கி இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டரை மாட்டினால், அரசின் கண்ணுக்கு அது இரண்டு கிலோவாட்தான்.

கிலோவாட் என்பது வாக்குறுதி, யூனிட் என்பது வரவு

மானியம் கிலோவாட்டுக்குக் கொடுக்கப்படுகிறது. கரண்ட் பில்லோ யூனிட்டில் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சிக்கலும்.

இன்று சந்தையில் கிடைக்கும் 540, 550 வாட் பேனல்களில் ஆறை மாட்டினால் மூன்று கிலோவாட்டைத் தாண்டிவிடும். பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் 550 வாட் என்ற எண் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்று உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் உண்டு. மதுரையிலோ வேலூரிலோ சித்திரை மாத நண்பகலில் முதல் நிபந்தனை ஏறக்குறைய நிறைவேறும். இரண்டாவது நடக்கவே நடக்காது. வெயிலில் கிடக்கும் பேனலின் செல் 60 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும்.

சிலிக்கான் செல்லுக்கு வெளிச்சம்தான் தீனி. சூடு அதற்குப் பகை. ஒளித்துகள் ஒன்று போதிய ஆற்றலோடு வந்து மோதும்போது சிலிக்கானுக்குள் கட்டுண்டிருக்கும் எலெக்ட்ரான் விடுபடுகிறது. செல்லின் இரண்டு அடுக்குகளுக்கு இடையே இருக்கும் மின்புலம் அதை ஒரு பக்கமாகத் தள்ளி ஓட்டமாக்குகிறது. வெப்பம் கூடினால் இந்த அமைப்பு தரும் மின்னழுத்தம் குறைகிறது. டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் திறன் போகும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 12 சதவீதம் காணாமல் போகும். மூன்று கிலோவாட் அமைப்பு, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் 2.6 கிலோவாட்டைத்தான் காட்டும். கத்திரி வெயிலில் கரண்ட் கொட்டும் என்று எதிர்பார்த்து மீட்டரைப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். வானம் தெளிவாகவும் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கும் மாசி, பங்குனி நாட்களே பல இடங்களில் நல்ல விளைச்சல் நாட்கள்.

தூசி, கம்பி, இன்வெர்ட்டர் என்று வழியில் தின்பவையும் உண்டு. எல்லாவற்றையும் கழித்த பிறகு தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்பதே களத்தில் இருப்பவர்களின் கைக்கணக்கு. மாதத்துக்கு 120 யூனிட், இரண்டு மாத பில் சுற்றுக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும். திட்டத்தின் விளம்பரத்தில் 'மாதம் 300 யூனிட் இலவசம்' என்று வருவதும், மானியம் மூன்று கிலோவாட்டில் நிற்பதும் இங்கே பொருந்துவதைக் கவனியுங்கள். சராசரி இந்திய வெயிலில் 300 யூனிட் எடுக்க மூன்று கிலோவாட் போதும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தேவைவரைதான் பொதுப்பணம். அதற்கு மேல் போடுபவர் தன் பணத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பதே இந்த வரம்பின் பொருள்.

நிழலைக் கேட்காத மானியம்

விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்பார்கள், வங்கிக் கணக்கு கேட்பார்கள். பக்கத்து வீட்டுத் தென்னை உங்கள் மாடியில் எத்தனை மணிக்கு நிழல் விழுத்துகிறது என்று மானியக் கணக்கு கேட்பதில்லை.

பேனலுக்குள் செல்கள் வரிசைத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. பேனல்களும் ஒன்றோடொன்று அப்படியே இணைக்கப்படுகின்றன. தொடரில் எல்லாவற்றின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை ஒரே ஒரு இடத்தில் மிதித்தால் முனையில் தண்ணீர் சுருங்கிவிடுவதுபோல, ஒரு செல்லின் மேல் விழும் நிழல் மொத்த வரிசையையும் பிடித்து இழுக்கும். நிழலில் இருக்கும் செல் சும்மாவும் இருக்காது. மற்ற செல்கள் தள்ளும் மின்சாரத்தை வெப்பமாக்கிச் சூடேறும். இதைத் தவிர்க்கத்தான் பேனலின் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் மாற்றுப்பாதை டயோடுகளை வைக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போய்விடும். ஆனால் பொதுவாக ஒரு பேனலில் மூன்று டயோடுகளே இருக்கும். எனவே உள்ளங்கை அகல நிழலுக்குப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு விளைச்சலைக் கொடுக்க வேண்டிவரலாம். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு, கேபிள் டிவி கம்பம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

நிறுவிய திறனுக்குப் பணம் கொடுக்கும் எந்த மானியத்துக்கும் உள்ள பலவீனம் இது. பேனல் நிழலில் கிடந்தாலும் தூசி மூடினாலும் 78,000 குறைவதில்லை. ஜெர்மனி வேறு வழியில் போனது. 2000ஆம் ஆண்டில் அங்கே வந்த சட்டம், பேனல் வாங்குவதற்கு அல்ல, அது தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை என்றது. தொடக்கத்தில் அந்த விலை யூனிட்டுக்கு 99 ஃபெனிக். வீடுகள் மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல். அங்கே நிழல் விழுந்தால் வீட்டுக்காரரின் பணப்பைக்கு நேரடி நட்டம். அதனால் எந்தக் கோணத்தில் சாய்ப்பது, எப்போது கழுவுவது என்பதில் அவரே கண்ணாக இருந்தார். ஆனால் அந்தச் செலவு மின் கட்டணத்தில் ஏறி, பேனல் போடாதவர்கள் தலையிலும் விழுந்தது. எந்த மானியத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார். அது வரியில் போகிறதா, கட்டணத்தில் போகிறதா என்பதுதான் வேறுபாடு.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

சோலார் போட்ட புதிதில் பலரை அதிரவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. உச்சி வெயிலில் தெருவில் கரண்ட் போகிறது. மாடியில் பேனல் பளபளவென்று இருக்கிறது. வீட்டில் ஃபேன் ஓடவில்லை. பழுது என்று நினைத்துக் கம்பெனிக்காரரைக் கூப்பிடுவார்கள். அது பழுதல்ல, கட்டாயமான பாதுகாப்பு ஏற்பாடு.

பேனல் தருவது நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதை விநாடிக்கு 50 சுற்றுகளாக அலையும் மாறுமின்னோட்டமாக்கி, தெருவில் வரும் இபி மின்சாரத்தோடு அலைக்கு அலை பொருத்தி உள்ளே விடுகிறது. தாளத்தைக் கொடுப்பது இபி லைன். இன்வெர்ட்டர் அதைப் பின்பற்றுகிறது. லைன் செத்துவிட்டால் பின்பற்ற எதுவுமில்லை. அதைவிட முக்கியமானது உயிர். லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளிக்கு, ஏதோ ஒரு மாடியிலிருந்து திரும்பி வரும் மின்சாரம் எமனாகிவிடும். எனவே லைனில் மின்சாரம் இல்லை என்று உணர்ந்ததும் ஓரிரு விநாடிக்குள் இன்வெர்ட்டர் தானே நின்றுவிட வேண்டும் என்று உலகத் தர விதிகள் சொல்கின்றன.

இந்த மானியம் மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்புக்கு மட்டும்தான். பேட்டரியும் தகுந்த இன்வெர்ட்டரும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் அந்தக் கூடுதல் செலவு நம்முடையது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளி விளக்குகளையும் அரசு கொடுத்தது. அதன் குறிக்கோள் ஏழை வீட்டுக்கு வெளிச்சம். இன்றைய திட்டத்தின் குறிக்கோள் வேறு: பகலில் வீட்டில் மிஞ்சுவதை லைனுக்குக் கொடு, இரவில் லைனிலிருந்து எடுத்துக்கொள். இரு பக்கமும் கணக்கு வைக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில் போடுகிறார்கள். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை மின்வாரியமே செலவில்லாத பேட்டரி. பேட்டரிக்கு மானியம் இல்லாததன் காரணம் இதில் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் மின்வாரியத்துக்கு அது செலவில்லாத வேலை அல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே வீடு, மூன்று கிலோவாட், மூன்று விலை

தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுகிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய் வீதம், 201 முதல் 400 வரை 4.70, கடைசி நூறுக்கு 6.30. 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல்; அதோடு மலிவான 2.35 ரூபாய் அடுக்கும் பறிபோகும். 500இலிருந்து 501க்குப் போகும் அந்த ஒரு யூனிட், பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும்.

இரண்டு மாதத்தில் 700 யூனிட் ஓட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உள்ள சாதாரணக் குடும்பம். பில் 3,800 ரூபாய்க்கு மேல். ஒரு கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழிந்து 460க்கு இறங்குகிறது. பில் சுமார் 1,550. மிச்சம் 2,250 ரூபாய்க்கு மேல். இரண்டாவது கிலோவாட் அதை 220 யூனிட்டுக்கு இறக்குகிறது. பில் சுமார் 330. இந்த முறை மிச்சம் 1,220 ரூபாய். மூன்றாவது கிலோவாட் பில்லைப் பூஜ்யமாக்குகிறது. ஆனால் அதனால் மிச்சமாவது அந்த 330 ரூபாய் மட்டும்தான்.

மூன்று கிலோவாட்டும் ஒரே வெயிலில் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் தருகின்றன. ஆனால் முதலாவது தரும் மின்சாரம் எட்டு, ஒன்பது ரூபாய் யூனிட்டுகளை வெட்டுகிறது. மூன்றாவது, அரசு இலவசமாகவே கொடுக்கும் நூறு யூனிட்டோடு மல்லுக்கு நிற்கிறது. ஒரு மானியம் இன்னொரு மானியத்தைத் தின்பது என்பது இதுதான். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கழிவு போக நாற்பதாயிரம் ரூபாய் அளவில் கைப்பணம் போடுபவர், ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சத்தில் அதைத் திரும்ப எடுக்க இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அடுத்த கோடைக்குள் இரண்டாவது ஏசி வரும், மின்சார ஸ்கூட்டர் வரும் என்றால் கணக்கு மாறும்.

இதே பார்வையில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டும் வீட்டைப் பாருங்கள். அதன் பில்லே 235 ரூபாய்தான். அரசு பாதிச் செலவைக் கொடுத்தாலும் அந்த வீட்டுக்குச் சோலார் லாபமல்ல. முழுச் செலவையும் முன்பணமாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் அங்கே சுலபமில்லை. சொந்த மாடி இல்லாத வாடகைக் குடித்தனத்துக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு போன்றவற்றுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. ஆக, மானியம் போய்ச் சேருவது பெரும்பாலும் சொந்த மாடியும் பெரிய பில்லும் உள்ளவர்களிடம். 2025 மார்ச்சில் திட்டம் பத்து லட்சம் வீடுகளைத் தாண்டியபோது முன்னணியில் நின்றவை குஜராத், மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம், கேரளம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாடு அந்த வரிசையில் இல்லாததற்கு, இங்குள்ள சின்ன பில்களும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

அரசுக்கு இதில் என்ன லாபம்?

சோலார் பேனலின் விலை வரலாறு மற்ற எரிபொருள்களுடையதைப் போன்றதல்ல. நிலக்கரியைத் தோண்டத் தோண்ட அது மலிவாகிக்கொண்டே போவதில்லை. பேனல் அப்படியல்ல, அது தொழிற்சாலைப் பொருள். செய்யச் செய்யக் கை பழகுகிறது, வீணாவது குறைகிறது, இயந்திரம் பெரிதாகிறது. உலகம் இதுவரை செய்த மொத்தப் பேனல் அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் விழுந்திருக்கிறது. சன்பவர் நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்வான்சன் பெயரால் இதை ஸ்வான்சன் விதி என்கிறார்கள். இன்றைய பண மதிப்பில் 1976இல் வாட் ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல் இருந்த பேனல், 2019இல் நாற்பது சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் விலை விழ வேண்டுமென்றால் விலை அதிகமாக இருக்கும்போதே யாராவது வாங்கியாக வேண்டும். அந்த வேலையைச் செய்தவை மானியங்கள். ஜப்பான் 1994இல் வீட்டுப் பேனல்களுக்குப் பாதிச் செலவுவரை கொடுக்கத் தொடங்கி, விலை இறங்க இறங்க மானியத்தையும் இறக்கி, சுமார் பத்து ஆண்டில் நிறுத்தியது. ஜெர்மனி 1990இல் ஆயிரம் கூரைத் திட்டத்தோடு தொடங்கியது. அந்த இரண்டு நாட்டு மக்களும் தூக்கிச் சுமந்த விலையின் பலனைத்தான் இன்று திண்டுக்கல்லில் ஒருவர் அனுபவிக்கிறார். நல்ல மானியம் தன்னையே தேவையற்றதாக்கிக்கொள்ளும்.

பேனல்கள் இவ்வளவு மலிந்த பிறகு இந்தியா ஏன் மானியம் தருகிறது? இங்கேதான் செல்லின் பிறந்த ஊர் வருகிறது. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி செல் வைத்த பேனலைவிட இதன் விலை அதிகம். அதனால் 78,000 ரூபாயில் ஒரு பகுதி வீட்டுக்காரர் கையைத் தொட்டுவிட்டு நேராக உள்நாட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனம் கட்டியிருக்கும் செல், பேனல் ஆலை போன்றவற்றுக்கு நிச்சயமான வாடிக்கையாளர்களை உருவாக்குவது இந்த விதி. மாடியில் மின்சாரம் என்பது திட்டத்தின் ஒரு பாதி. சீனச் செல்லைச் சாராமல் நிற்பது மறுபாதி.

பகல் நிறைந்த பிறகு

மின்வாரியத்தின் கவலையை இப்போது பார்க்கலாம். உயர் அடுக்கில் பணம் கட்டும் வீடுகளே சோலாருக்குப் போகின்றன. அவர்கள் கட்டிய கூடுதல் பணம் மலிவு அடுக்குகளைத் தாங்கியது. கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், இரவுநேர மின்சாரம் எல்லாம் அவர்களுக்கு இன்னும் வேண்டும். ஆனால் பில் பூஜ்யம். மதியம் ஊர் முழுக்க மாடிகளிலிருந்து மின்சாரம் வழியும். மாலை ஆறரை மணிக்கு எல்லாப் பேனலும் ஒருசேர அணைந்து, எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் எரியத் தொடங்கும். மதிய யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒரே விலை என்ற கணக்கு, பேனல் குறைவாக இருக்கும்வரைதான் செல்லுபடியாகும்.

முன்னே போனவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் தெரியும். கலிஃபோர்னியா 2023 ஏப்ரல் முதல், புதிதாகச் சேரும் வீடுகள் பகலில் லைனுக்குத் தரும் மின்சாரத்தின் விலையைக் கடுமையாகக் குறைத்தது. மூன்றில் ஒரு வீட்டில் பேனல் உள்ள ஆஸ்திரேலியா, பேனலுக்கான சலுகையை ஆண்டுதோறும் குறைத்து 2030இல் முடிக்கும்படி முன்பே அமைத்திருக்கிறது. 2025 ஜூலையில் வீட்டு பேட்டரிக்குச் சுமார் 30 சதவீதத் தள்ளுபடியைத் தொடங்கியது. அமெரிக்காவில் வீட்டுச் சோலாருக்கு இருந்த 30 சதவீத வரிச் சலுகை 2025ஆம் ஆண்டோடு முடிந்தது. இந்தியாவிலும் மானியத்தின் கவனம் பேனலிலிருந்து பேட்டரிக்கு நகர்ந்தால் வியப்பில்லை.

ஆகவே மாடியில் சோலார் போட நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது மானிய விளம்பரத்தை அல்ல, கடந்த ஓராண்டின் ஆறு இபி பில்களை. அவற்றில் 500ஐத் தாண்டிய பில்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். பிறகு காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடிக்குப் போய் நிழலைப் பார்க்க வேண்டும். மார்கழி மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும்போது இன்னொரு முறை. பில்லின் உச்சியை வெட்டும் அளவுக்குத் திறன், நிழல் படாத இடத்தில் பேனல் என்று இரண்டும் அமைந்தால், அந்த அமைப்பு மானியம் இல்லாவிட்டாலும் சில ஆண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு போட்ட பணத்தைத் திருப்பித் தரும். இரண்டும் அமையாத மாடியில் 78,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டாலும் அது நட்டம்தான்.